பட்டத்துக்கு யார் ஜாமீன்?

1602 ஏப்ரலில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய இளைஞர் இத்தாலியின் பதுவை நகரில் மருத்துவ டாக்டர் பட்டம் வாங்கினார். இரத்தம் உடலில் எப்படிச் சுற்றி வருகிறது என்று பின்னாளில் உலகுக்குச் சொன்ன அதே ஹார்விதான். அவர் ஊர் திரும்பிய அந்த வருடமே கேம்பிரிட்ஜும் அவருக்கு மருத்துவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பதுவையில் எழுதிக் கொடுத்த பத்திரத்தை யாரும் ஆங்கிலத்தில் பெயர்க்கவில்லை, அதற்கான தேவையும் எழவில்லை. பத்திரம் லத்தீனில் இருந்தது. கொடுத்தவர்கள், வாங்கியவர், சரிபார்த்தவர்கள் எல்லோரும் லத்தீன் படித்தவர்கள். இன்று அதே பதுவையில் படித்துவிட்டு ஒருவர் லண்டனில் வேலைக்கு விண்ணப்பித்தால் நிலைமை வேறு. அவருடைய பெயருக்கு முன்னால் இருக்கும் ‘தொத்தோரே’ என்ற பட்டத்தை ஒரு மொழிபெயர்ப்பாளர் டாக்டர் என்று எழுதுவார். இன்னொருவர் மாஸ்டர் பட்டதாரி என்பார். மூன்றாமவர் வெறும் மிஸ்டர் போட்டு நகர்ந்துவிடுவார். மூவருக்கும் சொல்ல ஒரு நியாயம் இருக்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், இத்தாலியர்களுக்குப் பட்ட மோகம் அதிகம் என்பது. படித்தவரை எல்லாம் தொத்தோரே என்றும், கட்டடம் கட்டுபவரை இஞ்செனியேரே என்றும், வக்கீலை அவ்வொக்காத்தோ என்றும் பெயரோடு சேர்த்தே கூப்பிடுகிற நாடு. ஆங்கிலத்தில் அந்த வழக்கம் இல்லாததால் சொல்லும் கிடைப்பதில்லை என்பார்கள். இது மேலோட்டமான விளக்கம். பட்ட மோகம் இல்லாத சமூகம் எது? சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பட்டத்தை வேற்று நாட்டார் நம்ப வேண்டுமானால் அதற்கு யாராவது ஜாமீன் நிற்க வேண்டும். ஒரே ஜாமீன்தாரரை இரு நாடுகளும் ஏற்ற காலத்தில் பட்டம் தானாக எல்லை கடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒவ்வோர் அரசும் தனித்தனி ஏணி செய்து, அதற்குத் தானே ஜாமீனும் நின்றது. இத்தாலியப் பட்டங்கள் ஆங்கிலத்துக்குப் பிடிபடாமல் போனது அதற்குப் பிறகுதான். அகராதியைக் குறை சொல்வதில் பயனில்லை. சட்டப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும்.

பழைய ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். 1219இல் போப்பாண்டவர் மூன்றாம் ஹோனோரியுஸ் பொலோனா நகரின் தலைமைத் திருத்தொண்டருக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார்: அவருடைய அனுமதி இல்லாமல் அங்கே யாரும் ஆசிரியராக உரிமம் பெற முடியாது. அதுவரை ஆசிரியர்களே தங்களுக்குள் நடத்திவந்த காரியத்தில் திருச்சபை கை வைத்த தருணம் அது. 1291இல் போப்பாண்டவர் நான்காம் நிக்கோலாஸ், பொலோனாவில் உரிமம் பெற்றவர் எங்கும் போய்க் கற்பிக்கலாம் என்று ஆணையிட்டார். எங்கும் என்றால் கிறிஸ்தவ உலகம் முழுவதும். டாக்டர், மாஸ்டர், புரொபசர் என்று இன்று மூன்று படிகளாக நாம் எண்ணுகிற மூன்று சொற்களும் அன்று கிட்டத்தட்ட ஒரே ஆளைத்தான் குறித்தன: கற்பிக்கத் தகுதி பெற்றவர். புத்தகம், மோதிரம், குல்லாய் கொடுத்துச் சடங்கு நடக்கும். கோப்பர்நிக்கஸ் பொலோனாவிலும் பதுவையிலும் படித்துவிட்டு, 1503இல் ஃபெராராவில் திருச்சபைச் சட்டத்தில் டாக்டரானார். எங்கே படித்தார், எங்கே வாங்கினார் என்பது யாரையும் உறுத்தவில்லை. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் பதுவையின் சட்ட டாக்டர் ஒருவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு போர்ஷியா நீதிமன்றத்துக்குள் நுழையும்போது, அந்த டாக்டர் எப்படிப்பட்டவர் என்று லண்டன் பார்வையாளர்களுக்கு அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பொற்காலச் சித்திரத்தை அப்படியே நம்ப வேண்டாம் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பதில் உண்மையும் இருக்கிறது. பொலோனாவின் உரிமத்தைப் பாரிஸும் ஆக்ஸ்போர்டும் எப்போதும் மரியாதையோடு ஏற்கவில்லை. தங்களுடையதே மேல் என்ற எண்ணம் அவற்றுக்கு உண்டு. ஹார்வியின் பதுவைப் பட்டம் போதும் என்றால் கேம்பிரிட்ஜ் எதற்கு மறுபடி ஒன்று கொடுக்க வேண்டும்? மதமும் குறுக்கே வந்தது. 1564இல் போப்பாண்டவர் நான்காம் பயஸ், கத்தோலிக்க விசுவாசப் பிரமாணம் செய்யாமல் யாருக்கும் பட்டம் கொடுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். பதுவையோ ஜெர்மானிய, ஆங்கிலேய புரட்டஸ்தாந்து மாணவர்களின் கட்டணத்தால் வாழ்ந்த ஊர். அதனால் ஒரு கொல்லைப்புற வழி உண்டானது. புனித ரோமப் பேரரசரிடமிருந்து பட்டம் வழங்கும் உரிமை பெற்ற பிரபுக்கள் சிலர் இருந்தார்கள். பிஷப்பின் கை படாமல் அவர்களிடம் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். ஹார்வி வாங்கியதும் அந்த வழியில்தான். 1616இல் வெனிஸ் குடியரசு இன்னும் ஒரு படி மேலே போய், தன் சொந்த அதிகாரத்தில் பட்டம் வழங்க ஒரு கல்லூரியையே பதுவையில் அமைத்தது. ஆக போப்பாண்டவர், பேரரசர், குடியரசு என்று ஒரே ஊரில் மூன்று ஜாமீன்தாரர்கள். ஜாமீன் நிற்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதற்கு எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா ஒரு சாட்சி. அவர் கேட்டது இறையியலில் டாக்டர் பட்டம். பெண்ணுக்கு இறையியலா என்று பதுவையின் பிஷப் பர்பாரிகோ மறுத்தார். 1678இல் தத்துவத்தில் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது, கேட்டது வேறு பட்டம் என்றாலும்.

ஆக, அந்தக் காலத்திலும் சண்டை உண்டு. ஆனால் சண்டை முழுவதும் யார் கொடுப்பது என்பதைப் பற்றியே நடந்தது. கொடுக்கப்படுவது இன்னதென்பதில் பதுவைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஏணி ஒன்றுதான், வாசல்கள்தாம் பல. கேம்பிரிட்ஜ் ஹார்வியின் பட்டத்தைத் தன் ஏட்டில் ஏற்றிக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

ஏணி பிரிந்தது பின்னால். அதில் நகர்ந்தது இத்தாலி மட்டுமில்லை. இங்கிலாந்தும் நகர்ந்தது, ஒருவேளை அதிகமாகவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஆய்வேடு எழுதி வாங்கும் டாக்டர் பட்டம் செல்வாக்கு பெற்றது. அமெரிக்காவில் யேல் 1861இல் முதல் பிஎச்.டி. பட்டங்களை வழங்கியது. ஆக்ஸ்போர்டு 1917இல்தான் அப்படி ஒரு பட்டத்தை ஏற்படுத்தியது. முதலில் பி.ஏ., பிறகு எம்.ஏ., உச்சியில் ஆய்வு டாக்டர் என்ற மூன்று படி ஏணி ஆங்கில உலகில் நிலைபெற்றது இவ்வளவு பிந்தித்தான். லண்டன் மாதிரியில் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக நமக்கும் அதே ஏணிதான் வந்தது. அதனால் தமிழ் வாசகருக்கும் டாக்டர் என்றால் ஒன்று மருத்துவர், அல்லது ஆய்வேடு கொடுத்தவர். இத்தாலியில் அந்த ஏணி வரவில்லை. அங்கே படி ஒன்றே ஒன்று. நான்கோ ஐந்தோ ஆறோ வருடம் படித்து, ஒரு சிறு ஆய்வேட்டை ஆசிரியர் குழு முன் நின்று நிலைநாட்டினால் கிடைப்பது ‘லவ்ரெயா’. அதை வாங்கியவர் தொத்தோரே. பழைய லத்தீன் டாக்டரின் நேர் வாரிசு இவர்தான். வீட்டை விட்டு வெளியேறியது ஆங்கில டாக்டர். 1938இல் ஓர் அரசாணை இந்தப் பழக்கத்துக்குச் சட்ட உருவம் கொடுத்தது: லவ்ரெயா பெற்றவர்களுக்கு, அவர்களுக்கு மட்டுமே, தொத்தோரே என்ற கல்வித் தகுதி உரியது.

என்ரிக்கோ ஃபெர்மி 1922இல் பீசாவில் இயற்பியல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபது. ஆங்கிலத்தில் வந்த அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் பல அதை டாக்டர் பட்டம் என்றே எழுதுகின்றன. இருபது வயதில் டாக்டரா என்று வாசகர் மூக்கில் விரலை வைப்பார். ஃபெர்மி வியப்புக்கு உரியவர்தான், ஆனால் அந்தக் காரணத்துக்காக இல்லை. இத்தாலியில் அவருக்கு முன்னாலும் பின்னாலும் பட்டம் வாங்கிய எல்லாரும் தொத்தோரேக்களே. அப்படியானால் அதை வெறும் இளங்கலை என்று இறக்கிவிடலாமா? அதுவும் தவறு. அவர் எழுதியது எக்ஸ் கதிர்களைப் பற்றிய ஆய்வேடு. அன்றைய இத்தாலியில் அதற்கு மேல் வாங்க ஒரு கல்விப் பட்டமே கிடையாது. மேலே படியே இல்லாத ஏணியின் உச்சியில் நிற்பவரை, மூன்று படி ஏணியில் எந்தப் படியில் கொண்டு போய் நிறுத்துவது? எதில் நிறுத்தினாலும் பொய் சொன்னதாகும். இந்த இக்கட்டு மொழியால் வந்ததா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது: இத்தாலி தன் ஏணியை மாற்றியபோது என்ன நடந்தது என்று பார்ப்பது.

மாற்றம் இரண்டு தவணையில் வந்தது. 1980இல் ஆய்வு டாக்டர் பட்டம் முதல்முறையாக இத்தாலியச் சட்டத்தில் நுழைந்தது. தொத்தோரே என்ற பெயர் ஏற்கெனவே எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டதால், புதியவருக்கு ‘ஆய்வின் தொத்தோரே’ என்று வால் ஒட்டினார்கள். பிறகு 1999 ஜூன் 19 அன்று, எல்லாம் தொடங்கிய அதே பொலோனாவில், 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் கூடி ஐரோப்பாவுக்கு ஒரே மாதிரியான படிகள் வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். சில மாதங்களில் இத்தாலி தன் ஒற்றைப் பட்டத்தை மூன்று வருடம், அதன்மேல் இரண்டு வருடம் என்று பிளந்தது. ஏணி இப்போது ஆங்கில ஏணியைப் போலவே ஆயிற்று. மொழிபெயர்ப்பாளருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2004இன் ஆணைப்படி மூன்று வருடப் படிப்பை முடித்த இருபத்திரண்டு வயதுக்காரரும் தொத்தோரே. ஐந்து வருடம் முடித்தவர் பெரிய தொத்தோரே. ஆய்வு முடித்தவர் ஆய்வின் தொத்தோரே. பழைய பட்டக்காரர்களின் பெருமையையும் தொட முடியாது, புதியவர்களின் ஆசையையும் மறுக்க முடியாது என்ற நிலையில் அரசு எல்லோருக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை: 2010இன் பல்கலைக்கழகச் சட்டம், ஆய்வின் தொத்தோரே தம் பட்டத்தை இத்தாலியச் சுருக்கத்திலும் எழுதலாம், பிஎச்.டி. என்றும் எழுதலாம் என்று அனுமதித்தது. தன் பட்டம் தன் நாட்டிலேயே தனித்துத் தெரிய, இத்தாலிய அரசு ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் சுருக்கெழுத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

கல்விப் பட்டங்கள் பாதிக் கதைதான். தொழில் பட்டங்களில்தான் அரசின் கை இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. 1861இல் ஒன்றான இத்தாலி, தொழில்களை ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது: 1874இல் வக்கீல்கள், 1906இல் கணக்கர்களான ராஜொனியேரேக்கள், 1923இல் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பதிவேடு. அதில் பெயர் இருந்தால்தான் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். 1948இன் அரசியல் சட்டமே தொழில் நடத்த அரசுத் தேர்வு வேண்டும் என்கிறது. அதே அரசியல் சட்டம் பிரபு, கோமகன் போன்ற குலப் பட்டங்களை இனி அங்கீகரிக்க மாட்டோம் என்றும் சொன்னது. பிறப்பால் வந்த பட்டத்துக்கு ஜாமீன் நிற்க மறுத்த குடியரசு, தேர்வால் வந்த பட்டத்துக்கு முழு ஜாமீன் நின்றது. இங்கிலாந்தின் வழி இதற்கு நேர்மாறு. அங்கே பொறியாளர்கள் 1818இல் தாங்களாகவே ஒரு சங்கம் கண்டு, 1828இல் மன்னரிடம் பட்டயம் வாங்கிக்கொண்டார்கள். எஞ்சினியர் என்ற சொல்லைச் சட்டம் காக்கவில்லை. வீட்டுக் கொதிகலனைப் பழுது பார்க்க வருபவரும் அங்கே எஞ்சினியர்தான். பட்டயம் பெற்ற எஞ்சினியர் என்பது சங்கம் கொடுக்கும் தகுதி. இத்தாலிய இஞ்செனியேரே சங்கத்தின் ஆள் இல்லை, சட்டத்தின் ஆள். இரண்டு சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை என்பதால் மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப் போடுகிறார். மாறுவது ஜாமீன்தாரர் என்பது கண்ணில் படுவதில்லை. 2001இல் மூன்று வருடப் படிப்புக்காரர்களுக்காக ‘இளைய இஞ்செனியேரே’ என்று பதிவேட்டில் தனிப் பிரிவு திறந்தார்கள். ஆங்கிலத்தில் ஜூனியர் எஞ்சினியர் என்று எழுதினால், படிப்பவர் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் என்று நினைப்பார். இருபது வருடம் தொழில் நடத்தினாலும் இளையவர் இளையவர்தான். அது வயதையும் அனுபவத்தையும் குறிக்காமல் பதிவேட்டின் பகுதியைக் குறிக்கிற சொல்.

இந்தப் பட்டியலிலேயே சுவையானவர் ‘ஜெயோமெத்ரா’. டஸ்கனியில் பழைய பண்ணை வீடு வாங்கப் போகும் ஆங்கிலேயர் முதலில் சந்திப்பது இவரைத்தான். ஆங்கிலத்தில் சர்வேயர் என்று எழுதுகிறார்கள். நிலம் அளப்பது அவர் வேலைதான். நில வரிப் பதிவேட்டில் எல்லைகளை ஏற்றுவதும் அவரே. அதோடு நிற்பதில்லை. வீட்டு வரைபடம் போடுவார், நகராட்சியில் அனுமதி வாங்குவார், கட்டட வேலையை மேற்பார்ப்பார், பாகப்பிரிவினைக்கு மதிப்பீடு செய்வார். இவ்வளவும் செய்பவர் பல்கலைக்கழகம் போகாமலேயே இந்தத் தொழிலுக்கு வரலாம். தொழில்நுட்ப மேல்நிலைப் பள்ளியில் படித்து, சில காலம் பயிற்சி எடுத்து, அரசுத் தேர்வு எழுதி வந்தவர்களே இவர்களில் பெரும்பாலோர். இவருடைய முன்னோர் நில அளவையாளர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மிலான் சீமையில் ஆஸ்திரிய ஆட்சி நிலங்களை ஒவ்வொரு துண்டாக அளந்து வரி விதித்தபோது அந்தத் தொழிலுக்கு மவுசு கூடியது. 1859இன் கல்விச் சட்டம் வகுத்த தொழில்நுட்பப் பள்ளிகள் அதைப் பள்ளிப் பாடமாக்கின. 1929இன் ஒழுங்குமுறை, ஜெயோமெத்ராக்கள் ‘எளிய’ குடியிருப்புக் கட்டடங்களை வடிவமைக்கலாம் என்றது. எளிமை என்பது எத்தனை மாடி வரை? சட்டம் சொல்லவில்லை. பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் ஜெயோமெத்ராக்கள்மேல் வழக்கு போட, நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக அந்த ஒரு சொல்லுக்கு எல்லை வரைந்துகொண்டிருக்கின்றன. போருக்குப் பிந்திய இத்தாலியில் சிற்றூர்களும் புறநகர்களும் எழும்பியதில் இவர்களுடைய பங்கு பெரிது. அந்த ஊர்களின் அழகின்மைக்கும் இவர்கள்தான் காரணம் என்று கட்டடக் கலைஞர்கள் கூசாமல் சொல்வார்கள். இப்படி ஒரு தொழில் இங்கிலாந்தில் உருவாகவே இல்லை. இல்லாத தொழிலுக்குச் சொல் எங்கிருந்து வரும்?

நோட்டரி விஷயம் இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் சொல் இருக்கிறது. இத்தாலியின் ‘நொத்தாயோ’ சட்டம் படித்து, பயிற்சி முடித்து, கடினமான போட்டித் தேர்வில் வென்று, எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட இடங்களில் ஒன்றைப் பிடித்த அரசு அலுவலர். 1913இன் சட்டம் இன்றும் அவரை ஆள்கிறது. சொத்து கைமாறுவதும் கம்பெனி தொடங்குவதும் அவர் முன்னிலையில்தான். சொத்தின் மூலத்தைச் சரிபார்ப்பதும் அரசுக்குச் சேர வேண்டிய வரியை வசூலித்துக் கட்டுவதும் அவர் பொறுப்பு. அமெரிக்காவில் நோட்டரி பப்ளிக் என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி நிற்பவர்; தமிழ்நாட்டு நீதிமன்ற வாசலில் நாம் பார்க்கும் நோட்டரியும் ஏறக்குறைய அவரே. இலங்கைத் தமிழருக்கு இந்தக் குழப்பம் குறைவு. அங்கே 1840ஆம் ஆண்டின் சட்டப்படி காணி விற்பனை உறுதி நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டால்தான் செல்லும். ஆகவே இத்தாலிய நொத்தாயோ எப்படிப்பட்டவர் என்று யாழ்ப்பாணத்து வாசகருக்குப் பாதி வார்த்தையில் விளங்கிவிடும். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நோட்டரிகளும் இத்தாலியின் நோட்டரிகளில் பலரும் ஒரே கையால் நியமிக்கப்பட்டவர்கள் என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. அந்த நியமன அதிகாரம் போப்பாண்டவருடையது. 1533இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் அதை ரோமாபுரியிடமிருந்து பறித்து கேண்டர்பரி பேராயரிடம் கொடுத்தது. இங்கிலாந்தில் இன்றும் நோட்டரிகளை நியமிப்பது அந்தப் பேராயரின் அலுவலகம்தான். ஒரே மரத்திலிருந்து பிரிந்த இரு கிளைகள் நானூற்றுச் சொச்ச வருடம் வெவ்வேறு மண்ணில் வளர்ந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

இங்கே ஒரு எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். இத்தாலியில் பட்டம் என்பது பாதி மரியாதைப் பேச்சு. நேப்பிள்ஸில் கார் நிறுத்துமிடத்துப் பையன்கூட வந்தவரை எல்லாம் தொத்தோரே என்பான். இதற்குப் போய் சட்ட வரலாறா என்று கேட்கலாம். ஃபியட் அதிபர் ஜன்னி அன்யெல்லியை நாடே அவ்வொக்காத்தோ என்று அழைத்தது. அவர் சட்டம் படித்தவர்தான். ஒரு நாள்கூட வக்கீல் தொழில் செய்யவில்லை. பவுலோ வில்லாஜியோ படைத்த ஃபந்தோட்ஸி என்ற குமாஸ்தா, 1975இல் வந்த படத்தில் அடுத்தடுத்து அவமானப்படுவான். அப்போதும் அவன் பெயருக்கு முன்னால் ராஜொனியேரே ஒட்டிக்கொண்டே இருக்கும். சக ஊழியன் கல்போனி ஒரு ஜெயோமெத்ரா. பட்டத்தின் கனமும் ஆளின் கனமும் ஒத்துப்போகாததில்தான் அந்தச் சிரிப்பு இருக்கிறது. மேடை நகைச்சுவையில் பொலோனாக்காரரான வாயாடி தொத்தோரே பலன்ட்ஸோனே உலா வந்த காலத்திலிருந்தே இத்தாலியர்கள் இதைச் சொல்லிச் சிரித்து வந்திருக்கிறார்கள்.

எதிர்வாதம் பேச்சுக்குப் பொருந்தும், பத்திரத்துக்குப் பொருந்தாது. பேச்சில் வரும் தொத்தோரேயை ஆங்கிலத்தில் மிஸ்டர் என்றோ சார் என்றோ எழுதுவதே சரி. டாக்டர் என்று எழுதினால் கார் நிறுத்துமிடம் ஆஸ்பத்திரி ஆகிவிடும். தெருவில் அந்தச் சொல் இவ்வளவு தாராளமாகப் புழங்குவதற்குக் காரணமே, அலுவலகத்தில் அது கறாராகக் காக்கப்படுவதுதான். 1930இன் தண்டனைச் சட்டம் இல்லாத பட்டத்தைத் தனக்கு வைத்துக்கொள்வதைக் குற்றமாக்கியது. 1999இல் அது குற்றம் என்ற நிலையிலிருந்து நிர்வாக அபராதமாகக் குறைந்தது, ஒழியவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாமல் தொழில் நடத்துவது இன்றும் குற்றமே. ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. எந்த வேலையில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரே விதி வகுக்கும் மொழிபெயர்ப்புக் கையேடுகள் தோற்றுப்போவது இதனால்தான்.

பட்டத்தைத் தவறாகப் பெயர்ப்பதால் யாருக்கு நஷ்டம் என்பதற்கு ‘லெத்தோரே’க்களின் வழக்கு நல்ல சான்று. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலமோ ஸ்பானியமோ தாய்மொழியாகக் கொண்டவர்களை மொழி கற்பிக்க அமர்த்துவார்கள். சொல்லின் ஜாடையைப் பார்த்தால் ஆங்கில லெக்சரர். இங்கிலாந்தில் லெக்சரர் என்றால் நிரந்தரப் பல்கலைக்கழக ஆசிரியர். இத்தாலியில் 1980இன் ஆணைப்படி அவர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம், மிஞ்சினால் ஐந்து வருடம். வெனிஸ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து பிலார் அயுவே, மேரி கார்மல் கூனன் இருவரும் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1989இல் இந்த வரம்பு வெளிநாட்டவருக்கு எதிரான பாரபட்சம் என்றது. தீர்ப்பின் ஆங்கில வடிவம் அவர்களை லெக்சரர் என்று குறிப்பிடாமல் அயல்மொழி உதவியாளர் என்றது. 1995இல் இத்தாலி அந்தப் பதவியையே ஒழித்து, ‘மொழி ஒத்துழைப்பாளர், வல்லுநர்’ என்று புதுப் பெயர் சூட்டியது. பழைய பெயர் போனதோடு பழைய பணிக்காலமும் கணக்கில் வராமல் போகும் நிலை. 2001இலும் 2006இலும் நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லியும், 2023இல் ஐரோப்பிய ஆணையம் மறுபடி வழக்குக்குப் போக நேர்ந்தது. ஆசிரியரா உதவியாளரா வல்லுநரா என்ற கேள்வி அகராதிக்காரர்களுக்கு ஒரு மாலைப் பொழுது விவாதம். லெத்தோரேக்களுக்கோ அது சம்பளம், பணிமூப்பு, ஓய்வூதியம்.

ஐரோப்பிய நாடுகளுக்கு இந்த விஷயம் புரியாமல் இல்லை. வக்கீல்கள் எல்லை தாண்டிச் சேவை செய்ய வழிவகுத்த 1977ஆம் ஆண்டின் நெறிமுறை, ஒவ்வொரு நாட்டின் வக்கீல் பட்டத்தையும் அந்தந்த மொழியிலேயே பட்டியல் போட்டது. இத்தாலிக்கு அவ்வொக்காத்தோ, பிரிட்டனுக்கு அட்வகேட், பாரிஸ்டர், சொலிசிடர். வக்கீல் எந்த நாட்டுக்குப் போனாலும் தன் நாட்டுப் பட்டத்தைத் தன் நாட்டு மொழியில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்கும் ஓர் அமைப்பு, இந்த ஒரு சொல்லை மட்டும் பெயர்க்காதே என்று சட்டம் போட்டது. மீறினால் என்ன என்பதற்கு ரைன்ஹார்ட் கெப்ஹார்ட் வழக்கு இருக்கிறது. ஜெர்மானிய வக்கீலான அவர் மிலானில் அலுவலகம் போட்டு, காகிதத் தலைப்பில் அவ்வொக்காத்தோ என்று அச்சிட்டுக்கொண்டார். மிலான் வக்கீல் சங்கம் அவரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் இரு தரப்புக்கும் பாடம் சொன்னது: பட்டத்தைப் பயன்படுத்த ஒரு நாடு நிபந்தனை போடலாம், நிபந்தனை பாரபட்சமின்றி, பொதுநலன் கருதி, அளவோடு இருக்க வேண்டும், வந்தவர் தன் நாட்டில் பெற்ற அறிவையும் தகுதியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1998இன் அடுத்த நெறிமுறை, சொந்தப் பட்டத்தோடு வேறு நாட்டில் நிரந்தரமாகவே தொழில் நடத்த வழி திறந்தது. பல்கலைக்கழகங்கள் இன்று பட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கும் இணைப்பேடும் இதே பாதையில்தான் போகிறது: பட்டத்தின் பெயர் மூல மொழியில், அதன் கீழே எத்தனை வருடம், என்ன படிப்பு, எந்த நிலை, அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்ற விவரம் ஆங்கிலத்தில்.

பெயரை அப்படியே விடுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல், படிப்பவருக்குச் செய்யும் துரோகம் என்போர் உண்டு. கதையிலும் கட்டுரையிலும் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு; பக்கத்துக்கு ஐந்து இத்தாலியச் சொல்லை யார் விழுங்குவார்? சான்றிதழிலும் ஒப்பந்தத்திலும் நீதிமன்றக் காகிதத்திலும் நிலைமை மாறுகிறது. ராஜொனியேரேயைப் பட்டய கணக்கர் என்று எழுதினால், இல்லாத ஒரு மன்னரின் பட்டயத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்ததாகிறது. வெனிஸில் 1581லேயே கணக்கர்களுக்கென்று தனிக் கல்லூரி இருந்தது; எடின்பரோவின் கணக்கர்களுக்கு அரச பட்டயம் கிடைத்தது 1854இல். பின்னதன் பெயரை முன்னதற்குச் சூட்டுவதில் தெளிவும் இல்லை, மரியாதையும் இல்லை. பெயரை மூலத்தில் விட்டு, பக்கத்தில் அவர் செய்யும் வேலையைச் சொல்வது கூடுதல் உழைப்பு. ஜாமீன்தாரர் யார் என்று தேடிப் போனால்தான் அதைச் செய்ய முடியும்.

ஜாமீன் விலகினால் மூலச் சொல்லும் காப்பாற்றாது. 1998இன் நெறிமுறையை நம்பி லண்டனில் அவ்வொக்காத்தோ என்ற பட்டத்தோடு பதிவு செய்துகொண்ட இத்தாலிய வக்கீல்களுக்கு, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு, 2021 ஜனவரி 1 முதல் அந்தப் பதிவு இல்லாமல் போனது. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தும் மாறாதபோதே அந்தச் சொல் அங்கே தகுதி என்ற நிலையிலிருந்து இறங்கி, ஓர் அந்நிய நாட்டுச் சொல்லாயிற்று. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் தொழில் நடத்த வேண்டுமானால் அவர்கள் மற்ற வெளிநாட்டு வக்கீல்களைப் போல உள்ளூர்த் தேர்வு எழுதி சொலிசிடராக வேண்டும்.